இன்சுலின் தந்த தராசு

இன்சுலினைச் சர்க்கரை நோய்க்கான ஊசியாகவே நாம் அறிவோம். தைராய்டு சோதனைக்கு இரத்தம் கொடுப்பவர்களும் அதற்குக் கடன்பட்டவர்கள்தாம்.

1950-களில் நியூயார்க்கின் படைவீரர் மருத்துவமனை ஒன்றில் இயற்பியலாளர் ரோசலின் யாலோவும் மருத்துவர் சாலமன் பெர்சனும், கதிரியக்க அயோடின் சேர்த்த இன்சுலினை நோயாளிகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். ஏற்கெனவே இன்சுலின் போட்டு வந்தவர்களின் இரத்தத்தில் அது நெடுநேரம் தங்கியது. உடல் எதிர்ப்புப் புரதம் உண்டாக்கி, அதைப் பிடித்து வைத்திருந்தது. அதற்கெல்லாம் இன்சுலின் மிகச் சிறியது என்று அறிஞர்கள் நம்பிய காலம்; கட்டுரை திரும்பி வந்தது. தலைப்பிலிருந்து அந்தச் சொல்லை நீக்கிய பிறகே 1956-இல் அச்சேறியது. மறுப்புக் கடிதத்தை யாலோ பத்திரப்படுத்தி, நோபல் உரையில் எடுத்துக்காட்டினார். அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும்!

புரதம் எவ்வளவு பிடிக்கிறது என்பதை வைத்தே, இரத்தத்தில் இம்மியளவு இருக்கும் ஹார்மோனையும் அளக்க வழி கண்டார்கள். பிறந்த குழந்தையின் தைராய்டுக் குறையைக் காலத்தே கண்டு மூளை வளர்ச்சியைக் காக்க இம்முறை உதவியது. தானமாகக் கிடைத்த இரத்தத்தில் மஞ்சள் காமாலைக் கிருமியைத் தேடவும் பயன்பட்டது. இருவரும் இதற்குக் காப்புரிமை கேட்கவில்லை.

1977-இல் யாலோ நோபல் பரிசு பெற்றபோது பெர்சன் உயிரோடு இல்லை, 1972-லேயே இறந்துவிட்டார். தாம் வெளியிடும் கட்டுரைகளில் அவர் பெயர் தொடர்ந்து வரவேண்டும் என்று, ஆய்வகத்துக்கே பெர்சன் பெயரைச் சூட்டியிருந்தார் யாலோ.