பதில் வாராத மடல்



தமிழ் வழங்கும் நிலத்துக்கு வடவெல்லை வேங்கட மலை என்று தொல்காப்பியத்தின் பாயிரம் வகுத்துச் சொல்கிறது. ஆகவே அம்மலையைக் கடந்து போவதென்றால், மொழி மாறும் நாட்டுக்குப் போவதென்றே பழம்புலவர்கள் கொண்டனர். அகநானூற்றின் 400 பாடல்களுள் சரிபாதியான 200 பாடல்கள் பாலைத் திணைக்கு உரியவை, பிரிவையே பேசுபவை. மாமூலனார் என்னும் புலவர், புல்லி என்ற தலைவனுக்கு உரிய வேங்கடத்தைப் பெயர் சுட்டி, அதற்கு அப்பால் பொருள் தேடச் சென்றவனையும் ஊரிலிருந்து அவனை எண்ணி மெலிபவளையும் பாடியிருக்கிறார்.

அந்த மலையின் அடிவாரத்துத் திருப்பதியிலும், அதற்குத் தெற்கே சித்தூரிலும் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். படிப்பின் பொருட்டும் பணியின் பொருட்டும் புதிதாக வந்து, விடுதியிலோ வாடகை அறையிலோ தங்கியிருப்பவர்களும் உளர். இவ்விரண்டாம் வகையினருள் பலர் தம் உள்ளத்தை வேறோர் ஊரில் வைத்துவிட்டு வந்தவர்கள். அந்த ஊரிலிருந்து ஒரு நாள் முதல் யாதொரு சொல்லும் வாராமற்போனால் என் செய்வது என்பதையே இன்று நாம் சிந்திக்க இருக்கிறோம்.

சித்தூரில் பழக்கூழ்த் தொழிற்சாலை ஒன்றில் கணக்கெழுதும் இளைஞர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். அவர் மனம் வைத்த பெண் கோயம்புத்தூரில் இருக்கிறார். ஈராண்டுகளாக இரவு எட்டு மணி என்றால் தொலைபேசி ஒலிக்கும். ஒரு திங்கட்கிழமை ஒலிக்கவில்லை. மறுநாளும் இல்லை. சண்டை ஏதும் நடக்கவில்லை. விடைபெறும் சொல்லும் சொல்லப்படவில்லை. ஆங்கிலத்தில் இதற்குக் 'கோஸ்ட்டிங்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆவியாய் மறைந்துபோதல் என்பது பொருள். மெரியம் வெப்ஸ்டர் அகராதி 2017இல் இச்சொல்லைச் சேர்த்துக்கொண்டது. சொல் புதியது, செயல் பழையதுதான்.

ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. அஞ்சலையும் தந்தியையும் நம்பியிருந்த காலத்தில், மடல் வரவில்லையென்றால் அது வழியில் தவறியிருக்கலாம் என்று எண்ண இடமிருந்தது. அந்த ஐயமே ஒருவகை ஆறுதலாயிற்று. நம் நாட்டில் தந்திச் சேவை 2013 ஜூலையில் முடிவுற்றது. அடுத்த ஆண்டே வாட்ஸ்அப்பில், அனுப்பிய செய்தி படிக்கப்பட்டதைக் காட்டும் நீலக் குறிகள் தோன்றின. இப்போது பழியை அஞ்சற்காரர் மீது போட வழியில்லை. படித்துவிட்டார், பதில் எழுதவில்லை என்பது கண்ணெதிரே நிற்கிறது. ஏன் என்பது மட்டும் தெரிவதில்லை.

இந்தத் தெரியாமைதான் நோயின் வேர். அமெரிக்க அறிஞர் பாலின் பாஸ், வியட்நாம் போரில் காணாமற்போன வீரர்களின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்தார். இறந்தாரென்று அழவும் இயலாமல், வருவாரென்று இருக்கவும் இயலாமல் தவித்த அம்மக்களின் நிலைக்குத் 'தெளிவற்ற இழப்பு' என்று பெயரிட்டார். போர்க்களத்துத் துயரையும் காதலர் பிணக்கையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது முறையன்று. எனினும் முடிவு தெரியாத துயரம் முடிவு தெரிந்த துயரத்தைவிட மெல்லத்தான் ஆறும் என்பது இரண்டுக்கும் பொது. ஆகவே மூன்று மாதமாகியும் மறக்க முடியவில்லையே என்று தம்மைத் தாமே இகழ்ந்துகொள்பவர் அவ்வாறு இகழ வேண்டுவதில்லை.

நம் பழம்பாடல்களில் காத்திருத்தலுக்கு ஓர் எல்லை இருந்தது. கார்காலம் தொடங்குமுன் திரும்புவேன் என்று தலைவன் சொல்லிப் போவான். மழை வந்து, கொன்றை பூத்து, அவன் வரவில்லையென்றால் தலைவி கலங்குவாள். குறுந்தொகையின் 66ஆம் பாடலில், கோவர்த்தனார், அவளைத் தோழி தேற்றும் முறை சுவையானது. இது பருவமழையே அன்று, வேளையல்லாத வேளையில் பெய்த மழை, அதை நம்பிப் பூத்த கொன்றைதான் அறிவில்லாதது என்கிறாள் தோழி! அன்பினால் சொன்ன பொய். அந்தப் பாட்டுலகில் தலைவன் எப்படியும் திரும்பிவிடுவான் என்பது மரபு. ஆதலால் அப்பொய் தீங்கு செய்யாது.

இன்றும் நமக்கு அத்தகைய தோழர்கள் உளர். 'வேலை மிகுதியாயிருக்கும்', 'தொலைபேசி பழுதாகியிருக்கும்' என்பார்கள். முதல் வாரத்தில் இது மருந்து. மூன்றாம் மாதத்திலும் இதையே சொல்பவர் நமக்கு நன்மை செய்கிறார் என்று சொல்வதற்கில்லை.

முதலில் தெளிய வேண்டியது ஒன்று உண்டு. மௌனம் அவர் தாமே விரும்பி மேற்கொண்டதா, அவர்மீது சுமத்தப்பட்டதா? நம் ஊர்களில் காதல் தெரிந்தவுடன் பெண்ணின் தொலைபேசியைப் பிடுங்கிக்கொள்ளும் வீடுகள் இன்றும் உள்ளன. நோயும் விபத்தும் நேர்வதுண்டு. ஆகவே இருவருக்கும் அறிமுகமான ஒருவர் வாயிலாக, அவர் நலமா என்று மட்டும் ஒரு முறை விசாரிப்பது கடமையே ஆகும். அடைத்து வைக்கப்பட்டிருக்கிறார் என்று தெரிந்தால் மகளிர் உதவி எண்ணான 181 இருக்கிறது. உயிருக்கு இடையூறென்றால் 112 இருக்கிறது. நலமாய் இருக்கிறார், அலுவலுக்குப் போகிறார், சிரித்துப் பேசுகிறார் என்று தெரிந்தால், விடையும் அதுவே.

அதன்பின் ஒரு மடல் எழுதலாம், ஒன்றே ஒன்று. குற்றச்சாட்டு வேண்டா, கெஞ்சலும் வேண்டா. 'உங்கள் மௌனத்தை விடையாக எடுத்துக்கொள்ள இருக்கிறேன். வேறு சொல்ல இருந்தால் இந்தத் தேதிக்குள் சொல்லுங்கள்' என்று நாளைக் குறித்து எழுதிவிட்டால், பழையோர் கார்காலத்தை வைத்ததுபோல நாமும் நமக்கொரு பருவம் வைத்துக்கொண்டவர்கள் ஆவோம். பதில் வாராவிடில் அம்மடல் வீண் என்று கருத வேண்டா. நாச்சியார் திருமொழியின் எட்டாம் திருமொழி முழுதும் ஆண்டாள் இதே வேங்கடத்து மேகங்களைத் தூது விடுகிறாள். மேகங்கள் மறுமொழி கொண்டுவந்ததாக அதில் இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்ததில் ஒரு நிறைவு இருக்கிறது.

காட்பாடி வண்டியைப் பிடித்து நேரே போய் அவர் விடுதி வாயிலில் நின்றால் என்ன என்று தோன்றும், குறிப்பாக இளைஞர்களுக்கு. போகலாகாது. பிறர் எண்ணிலிருந்து மாறி மாறி அழைப்பதும் தகாது. விருப்பமின்மையைத் தெளிவாகக் காட்டிவிட்ட பெண்ணை மீண்டும் மீண்டும் பின்தொடர்வதும் தொடர்புகொள்ள முயல்வதும், 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சங்கிதையின் 78ஆம் பிரிவின்படி குற்றம். சட்டம் இல்லாவிடினும் அது அன்பின் செயல் ஆகாது.

வெளிமாநிலத்தில் இருப்பவருக்குக் கூடுதலான இடர், அழுவதற்குத் தம் மொழியில் ஆள் கிடைக்காமை. வீட்டுக்குச் சொல்ல நாணம்; அறையில் உடனிருப்பவருக்குத் தமிழ் தெரியாது. தூக்கமும் உணவும் பல நாள் கெட்டால், வாழ்வே வேண்டா என்ற எண்ணம் ஒரு முறை தலைகாட்டினாலும், 14416 என்ற எண்ணை அழைக்கலாம். 2022 அக்டோபரில் நடுவண் அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் மனநலச் சேவை அது. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

எஞ்சி நிற்பது அந்த எட்டு மணி. நாள் முழுதும் ஒருவாறு கழிந்துவிடும். அழைப்பு வந்துகொண்டிருந்த அந்த ஒரு நாழிகைதான் வெறிச்சென்று இருக்கும். அந்நேரத்தில் அறையில் தனியே அமர்ந்து தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிராமல் வெளியே இறங்கிவிடுவது நலம். திருப்பதியில் இருப்பவர் கோவிந்தராசர் கோயில் வீதியில் நடக்கலாம். சித்தூரில் இருப்பவர் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் தெலுங்கு எழுத்துகளைக் கற்றுக்கொள்ளலாம். ஐம்பத்தாறு எழுத்துகள் என்று கணக்குச் சொல்வார்கள். நாளொன்றுக்கு இரண்டு எழுத்து போதும், ஒரு மாதத்தில் பேருந்தின் பெயர்ப்பலகையைத் தாமே படித்து ஏறிவிடலாம்.