ஃபியூஸ் கட்டையை மாற்றும்போது

பழைய வீடுகளில் மீட்டருக்குப் பக்கத்தில் இன்னும் பீங்கான் ஃபியூஸ் கட்டைதான் இருக்கிறது. அடிக்கடி போகிறதே என்று அதில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவிடுகிறோம்; அந்த நிமிடமே அது காவல் வேலையை விட்டுவிடுகிறது. சரி, அதற்குப் பதிலாக எம்சிபி, அதாவது மின்சாரம் அளவுக்கு மீறினால் தானே விழும் ஸ்விட்ச், உள்ள பெட்டி மாட்டினால் போதுமா? போதாது. 16 ஆம்பியர் எம்சிபி காப்பாற்றுவது வயரைத்தான், ஆளை அல்ல. ஈரக் கையோடு கிரைண்டரைத் தொடுகிறவர் உடம்பில் ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு பாய்ந்தாலே உயிர் போகலாம். எம்சிபிக்கு அது தெரியவே தெரியாது. கசிவைக் கண்டு துண்டிக்கும் ஸ்விட்சான ஆர்சிசிபி அப்படியல்ல. லைனில் போகிற மின்சாரமும் நியூட்ரலில் திரும்புகிற மின்சாரமும் சமமா என்று ஓயாமல் பார்க்கிறது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண் இமைப்பதற்குள் துண்டித்துவிடும்.

“அது சும்மா சும்மா விழுகிறதே” என்று கழற்றச் சொல்கிறவர்கள் உண்டு. பெரும்பாலும் அது சும்மா விழுவதில்லை. ஹீட்டர் காயிலிலோ, சுவரில் ஈரம் ஏறிய வயரிலோ கசிவு இருக்கும். சில வீடுகளில் இரண்டு சர்க்யூட்டின் நியூட்ரலை ஒன்றாக முறுக்கி வைத்திருப்பார்கள். அதைத் தேடிச் சரிசெய்வதுதான் முறை. லைனையும் நியூட்ரலையும் சேர்த்துப் பிடித்தால் ஆர்சிசிபியாலும் காக்க முடியாது, உண்மைதான். ஆனால் வீட்டில் ஷாக் அடிப்பது பெரும்பாலும் உடம்பு வழியே தரைக்குத்தான். ஆர்சிசிபியில் ‘டி’ என்றெழுதிய சின்னப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விழவில்லையென்றால் அன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.