பூமி தட்டை என்பவரோடு எப்படிப் பேசுவது?

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், நம் குடியிருப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தலைப்பைக் கேட்டதும் சிலர் சிரித்தீர்கள். காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் பேச வேண்டுமா என்று தோன்றுவது நியாயம்தான். ஆனால் நம் குடியிருப்பில் எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளை, ஏதோ ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டது: "தாத்தா, பூமி தட்டையாம். ஈர்ப்பு விசைன்னு ஒண்ணே கிடையாதாம். அப்போ ஸ்கூல்ல சொல்றதெல்லாம் பொய்யா?"

பிள்ளையின் கடைசிக் கேள்விதான் எனக்குக் கவலை தந்தது. எல்லாரும் கூட்டு சேர்ந்து நம்மை ஏமாற்றுகிறார்கள் என்ற எண்ணம் ஒருமுறை மனதில் விழுந்துவிட்டால், நாளைக்கு மருத்துவர் சொல்வதையும் தடுப்பூசியையும் அதே சந்தேகக் கண்ணால்தான் பார்ப்போம்.

"உருண்டைப் பூமி வெள்ளைக்காரன் சொன்ன கதை" என்று இந்தக் காணொளிகளில் ஒரு வாதம் வரும். ஆரியபட்டர் 499-ஆம் ஆண்டிலேயே பூமி உருண்டை என்றும் அது தன்னைத்தானே சுற்றுகிறது என்றும் எழுதிவிட்டார். எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த லல்லர், தரை தட்டையானால் தூரத்திலுள்ள உயர்ந்த மரங்கள் ஏன் கண்ணுக்குத் தெரிவதில்லை என்று கேட்டார். 1150-இல் பாஸ்கரர், பெரிய வட்டத்தின் சிறு துண்டு நேர்கோடாகத்தான் தெரியும், பூமி நமக்குத் தட்டையாகத் தெரிவதும் அதனால்தான் என்று விளக்கினார். பூமியின் நிழல் நிலாவில் விழுவதே சந்திர கிரகணம் என்று வைத்துத்தான் சித்தாந்த நூல்கள் கணக்குப் போடுகின்றன. 2025 செப்டம்பர் 7 இரவு கிரகணம் பார்த்தவர்கள் அந்த நிழலின் வளைந்த விளிம்பைக் கண்ணால் பார்த்திருப்பீர்கள்.

சரி, இவ்வளவும் சொன்னால் எதிரில் இருப்பவர் ஒப்புக்கொள்வாரா? பெரும்பாலும் மாட்டார். இங்கிலாந்தில் 1870-இல் ஜான் ஹாம்ப்டன் என்பவர், நீர்ப்பரப்பு வளைந்திருப்பதை நிரூபித்தால் 500 பவுண்டு தருவதாகப் பந்தயம் கட்டினார். புகழ்பெற்ற இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ், ஒரு நேரான கால்வாயில் அதை அளந்து காட்டினார். நடுவரும் வாலஸ் பக்கமே தீர்ப்புச் சொன்னார். ஹாம்ப்டன் ஏற்கவில்லை. பல ஆண்டுகள் வாலஸை வசை பாடியும் மிரட்டியும் கடிதம் எழுதி, சிறைக்கும் போனார். வாலஸ் பந்தயத்தில் ஜெயித்தார், நிம்மதியை இழந்தார்.

இதற்கு நேர்மாறான ஒன்று யாழ்ப்பாணத்தில் நடந்தது. பூமியையும் வானத்தையும் பற்றிப் புராணம் சொல்வது சரியா, புதிய வானியல் சரியா என்று அங்கே பெரிய சர்ச்சை. 1829 மார்ச் 20 சந்திர கிரகணத்தைப் பற்றி, பஞ்சாங்கம் கணித்த விசுவநாத சாஸ்திரியாரின் கணக்கும் வட்டுக்கோட்டை செமினரியின் டேனியல் பூர் போட்ட கணக்கும் வேறுபட்டன. இருவர் கணக்கும் முன்கூட்டியே ஊருக்குத் தெரியும். அன்றிரவு எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள். பூர் கணக்கு ஒத்துப்போனது. தீர்ப்புச் சொன்னது நிலா. அதனோடு யார் சண்டை போடுவது?

2024 டிசம்பரிலும் இப்படி ஒன்று நடந்தது. தட்டைப் பூமிக்காரர்களின் வழக்கமான வரைபடத்தின்படி, அண்டார்க்டிகாவில் 24 மணி நேரமும் சூரியன் மறையாமல் இருக்க வழியே இல்லை. அமெரிக்கப் பாதிரியார் வில் டஃபி இரு தரப்பினரையும் அங்கே அழைத்துப் போனார். சூரியன் மறையவில்லை. தட்டைப் பூமிக் கருத்தைப் பரப்பி வந்த ஜெரன் காம்பனெல்லா, இந்த விஷயத்தில் தன் எண்ணம் தவறு என்று வெளிப்படையாகச் சொன்னார். எல்லாரும் மாறவில்லை. ஒருவராவது மாறினாரே!

ஆகவே நான் சொல்ல வந்தது இதுதான்: வாதத்தைத் தொடங்கும் முன்பே, "எதைப் பார்த்தால் நீங்கள் மனம் மாறுவீர்கள்?" என்று கேளுங்கள். அதே கேள்விக்கு நீங்களும் பதில் சொல்லுங்கள். பிறகு இருவரும் சேர்ந்தே போய்ப் பாருங்கள். "எதைக் காட்டினாலும் மாற மாட்டேன்" என்றால், காப்பி கொடுத்து வேறு பேச்சுப் பேசுங்கள். அக்கம்பக்க உறவு அதைவிடப் பெரிது.

சேர்ந்து பார்க்க இரண்டு சோதனைகள் சொல்கிறேன்.

முதலாவது, ஈர்ப்பு விசை. "பொருள் விழுவது அடர்த்தியால், ஈர்ப்பால் அல்ல" என்பார்கள். ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பக்கம் ஓட்டை போட்டு, மூடியைக் கழற்றி, தண்ணீர் நிரப்புங்கள். தண்ணீர் ஒழுகும். கீழே ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு, முதல் மாடியிலிருந்து பாட்டிலைக் கைவிட்டுக் கைபேசியில் மெதுவோட்டமாகப் படம் பிடியுங்கள். விழும்போது ஒழுகல் நின்றுவிடும். தண்ணீரின் அடர்த்தியும் மாறவில்லை, காற்றின் அடர்த்தியும் மாறவில்லை. பிறகு ஏன் நின்றது? பாட்டிலும் தண்ணீரும் ஈர்ப்பால் ஒரே வேகத்தில் சேர்ந்து விழுகின்றன, அதனால்தான். அடர்த்திக் கணக்கால் இதை விளக்க முடியாது.

இரண்டாவது, பூமியின் வடிவம். இங்கே கவனம் வேண்டும். இரண்டு ஊர்களின் நிழலை மட்டும் அளந்தால் போதாது. சூரியன் கிட்டத்தில் இருக்கிறது என்று வைத்துத் தட்டைப் பூமிக்காரரும் அதற்கு விளக்கம் சொல்லிவிடுவார். மூன்று ஊர் வேண்டும். செப்டம்பர் 23-ஐ ஒட்டிய நாளில் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே இருக்கும். அன்று ஒரு மீட்டர் குச்சியை நேராக நட்டு, நிழல் மிகக் குறுகும் நேரத்தில் அளந்தால் காரைக்குடியில் சுமார் 18 சென்டிமீட்டர், டெல்லியில் 55, லண்டனில் 126 இருக்கும். நிலநடுக்கோட்டிலிருந்து இவ்வூர்களின் தூரம் முறையே சுமார் 1,120, 3,180, 5,730 கிலோமீட்டர். தரை தட்டை என்றால், தூரத்தை மீட்டரில் உள்ள நிழல் நீளத்தால் வகுத்தால் சூரியனின் உயரம் வந்துவிடும். வகுத்துப் பாருங்கள்: காரைக்குடிக் கணக்கில் ஏறக்குறைய 6,200 கிலோமீட்டர், டெல்லிக் கணக்கில் 5,800, லண்டன் கணக்கில் 4,550. ஒரே சூரியன் ஒரே நாளில் மூன்று உயரத்தில் இருக்குமா? பூமி உருண்டை, சூரியன் வெகு தூரத்தில் என்று வைத்தால் மூன்று அளவும் ஒழுங்காகப் பொருந்தும்.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் பிள்ளைகள் இல்லாத வீடு நம் செட்டிநாட்டில் குறைவு. டெல்லிக்கும் லண்டனுக்கும் சொல்லி வையுங்கள். மொட்டைமாடியில் குச்சியை நான் நடுகிறேன். செங்குத்தா என்று பார்க்கக் கொத்தனாரிடம் தூக்குக்குண்டு வாங்கி வருகிறேன். அது ஏன் எப்போதும் நேர் கீழே தொங்குகிறது என்பதையும் அன்றைக்குப் பேசுவோம். பூமி தட்டை என்று நினைப்பவர் யாராவது இருந்தால் தயங்காமல் வாருங்கள். அளவுநாடாவை உங்கள் கையிலேயே கொடுக்கிறேன்.