ஸ்டார்க்கரின் நாற்காலி

செல்லோ என்றதும் கசால்ஸ், ரோஸ்ட்ரோபோவிச் என்று தனிக் கச்சேரி செய்தவர்களின் பெயர்தான் முதலில் நினைவுக்கு வரும். யானோஸ் ஸ்டார்க்கரும் அந்த வரிசையில் வைக்கத் தகுந்தவர்தான். ஆனால் அவர் பல ஆண்டுகள் சம்பளத்துக்கு வாசித்தது ஆர்கெஸ்ட்ராவில். அந்த உழைப்பைக் கணக்கில் எடுக்காமல் அவருடைய கலையை மதிப்பிட முடியாது.

1924இல் புடாபெஸ்டில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். அண்ணன்மார் இருவரையும் நாஜிகளிடம் பறிகொடுத்தார். போர் முடிந்ததும் புடாபெஸ்ட் ஓபராவில் முதன்மைச் செல்லோக் கலைஞரானார். 1946இல் நாட்டைவிட்டு வெளியேறினார். அப்போதுதான் ஒரு கேள்வி அவரை உலுக்கியது. கை வாசிக்கிறது, சரி, எப்படி வாசிக்கிறது? பால மேதையாக வளர்ந்த பலரை முடக்கிப்போடும் கேள்வி இது. ஸ்டார்க்கர் விடாமல் விடை தேடினார்.

1948இல் அமெரிக்கா. டல்லஸ் சிம்பொனி, பிறகு நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா, 1953 முதல் 1958 வரை சிகாகோ சிம்பொனி. மூன்றிலும் முதல் நாற்காலி, அதாவது முதன்மைச் செல்லோக் கலைஞரின் இடம். வாக்னரின் ஓபரா ஒன்று நான்கைந்து மணி நேரம் ஓடும். தோளை இறுக்கி வாசிப்பவருக்குப் பாதியிலேயே கை கனத்துவிடும். வில்லுக்கு வேண்டிய பலத்தை விரல்களில் தேடாமல் முதுகிலிருந்து வரவழைப்பது, வில் திசை திரும்புவது காதுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வது, மூச்சை அடக்காமல் வாசிப்பது: இவையெல்லாம் பின்னாளில் அவர் கற்பித்த பாடத்தின் அடிப்படை.

வாசிக்கும்போது முகத்தில் சலனமே இருக்காது. அதைப் பார்த்து உணர்ச்சியற்றவர் என்று சொன்னவர்கள் உண்டு. அது நியாயமல்ல. ஹங்கேரிய இசையமைப்பாளர் கோடாய் 1915இல் எழுதிய தனிச் செல்லோ சொனாட்டாவை அவர் வாசித்திருப்பதை நேயர்கள் கேட்கவேண்டும். கீழ்த் தந்திகள் இரண்டையும் அரைச் சுரம் இறக்கி வைத்து வாசிக்கும் படைப்பு அது. வலக்கை வில் ஓடிக்கொண்டிருக்கும்போதே இடக்கை விரல் தந்தியைச் சுண்டும். அந்த ஒற்றை வாத்தியத்தில் எழும் ஆவேசத்துக்கு முகபாவம் எதற்கு? பதினைந்து வயதிலேயே இதைக் கோடாயிடமே வாசித்துக் காட்டியவர் அவர்.

1958இல் இந்தியானா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார். உலகமெங்கும் கச்சேரிக்குப் போனாலும் 2013இல் இறக்கும்வரை அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் ப்ளூமிங்டன்தான் ஊர். ஜெர்மனியின் மரியா க்ளீகல் அங்கே வந்து பயின்றார். ஜப்பானிலிருந்து வந்த சுயோஷி சுட்சுமி பின்னாளில் அதே பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். டோக்கியோவின் தோஹோ ககுவென் இசைக் கல்லூரிக்குத் தலைவராகவும் இருந்தார்.