கை வைக்கும் முன்

இன்று பட்டம் பெறும் இளம் மருத்துவர்களே, வாழ்த்துகளை எனக்கு முன் பேசியவர்கள் நிறைவாகவே சொல்லிவிட்டார்கள். எலும்புப் புற்றுநோய் மருத்துவனை மேடை ஏற்றினால் கட்டியைப் பற்றித்தான் பேசுவான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்டியோசர்கோமா பெரும்பாலும் வளரும் பிள்ளைகளுக்கு, முழங்காலை ஒட்டி வரும் எலும்புப் புற்றுநோய். 1970களுக்கு முன் காலை எடுப்பதுதான் சிகிச்சை. எடுத்த பிறகும் ஐவரில் ஒருவர் பிழைத்தால் பெரிது. கண்டுபிடிக்கும் முன்பே நோய் கண்ணுக்குத் தெரியாமல் நுரையீரலுக்குப் போயிருக்கும். மெதோட்ரெக்சேட், டாக்சோரூபிசின், சிஸ்பிளாட்டின் ஆகிய மருந்துகள் வந்தபின், நல்ல சிகிச்சை கிடைத்தால், பரவல் வெளியே தெரியுமுன் வருகிறவர்களில் ஏறத்தாழ மூவரில் இருவர் பிழைக்கிறார்கள். கட்டியை மட்டும் எடுத்து உலோக மூட்டுப் பொருத்துவதும் வழக்கமாயிற்று. தொடை எலும்பின் கீழ்முனையில் கட்டி வந்த 227 பேரை ஆராய்ந்த மைக்கேல் சைமன் குழு, காலைக் காப்பதால் ஆயுள் குறைவதில்லை என்று 1986இல் காட்டியது. இதன் பெருமையெல்லாம் அறுவை அரங்குக்குத்தான் போகிறது. ஆனால் கால் நிற்குமா போகுமா என்பது பல நேரம் சோதனைக்காகக் கட்டியில் ஒரு துணுக்கை வெட்டியெடுக்கும் பயாப்சி அன்றே முடிவாகிவிடுகிறது என்பது என் கட்சி.

1982இல் ஹென்றி மேன்கின் குழு 329 நோயாளிகளின் பயாப்சிகளைப் பரிசீலித்தது. 18 சதவீதத்துக்குச் சற்று மேல் பெரிய நோயறிதல் பிழைகள். 15 பேருக்கு, பயாப்சியில் நேர்ந்த கோளாறால், தேவையில்லாமல் கையோ காலோ போனது. 1996இல் 597 பேரை வைத்து மறுபடி பார்த்தபோதும் நிலைமை பெரிதாகத் திருந்தவில்லை. இறுதிச் சிகிச்சை தரும் மையத்துக்கு வெளியே எடுத்த பயாப்சிகளில்தான் சிக்கல்கள் பல மடங்கு. காரணம் எளிது. கத்தி போன வழியெல்லாம் புற்றணுக்கள் படியலாம். அந்த வழியையும் கட்டியோடு சேர்த்து எடுத்தாக வேண்டும். காலின் நீளவாக்கில், பிற்பாடு அறுவை செய்யப்போகும் கோட்டிலேயே கீறியிருந்தால் எடுத்துவிடலாம். குறுக்கே கீறியிருந்தால், இரத்தம் கசிந்து பக்கத்துத் தசைகளில் பரவியிருந்தால், மிச்சம் வைக்கக்கூடிய சதை குறைந்துவிடும்.

முன்பே யோசித்துக் கீறுவதை நான் பரிவு என்றே சொல்வேன். இது கைநுட்பம்தானே, இதில் பரிவு எங்கே என்று கேட்பீர்கள். நோயாளியின் தோளைத் தொட்டுப் பேசுவதை நான் குறைத்துச் சொல்லவில்லை, அது வேண்டும். ஆனால் குறுக்கே போட்ட கீறலை எந்த இன்சொல்லும் நேராக்காது. எம்.ஆர்.ஐ. பார்க்கும்வரை கத்தியைத் தொடாமல் இருப்பதும், ஏன் காத்திருக்கிறோம் என்று பிள்ளையின் தாய்க்குப் புரியும்படி சொல்வதும் என் கணக்கில் ஒரே பரிவுதான்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. கூலியை விட்டுவிட்டு வரும் குடும்பத்தை, இங்கே எடுக்க மாட்டோம், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று திருப்பி அனுப்பலாமா? ஏற்கெனவே அடிபட்ட வீக்கம் என்று எண்ணெய் போட்டு உருவி, கட்டுப் போட்டு மாதங்கள் கழிந்திருக்கும். அந்த மாதங்கள்தான் கேடு செய்தவை. அவற்றைத் தாலுகா ஆஸ்பத்திரியின் ஓர் எக்ஸ்ரே மிச்சப்படுத்தியிருக்கும். பயாப்சிக்கு முன் ஒரு வாரம் திட்டமிடுவதை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஆனால் பஸ் செலவு, தங்க இடம், இழந்த கூலி இவற்றுக்கு வழிசெய்யாமல் 'எங்களிடம் அனுப்புங்கள்' என்று மட்டும் சொல்ல எங்களைப் போன்ற பெரிய மையங்களுக்கு உரிமை இல்லை.

இவ்வளவு அரிய நோய்க்கு இத்தனை பேச்சா என்றும் சிலர் நினைக்கலாம். உங்களில் பலர் பணிக்காலம் முழுவதும் இதை ஒன்றிரண்டு தடவைதான் பார்ப்பீர்கள். அதனாலேயே கை பழகாது. பழகாத கையால்தான் இங்கே சேதம். இரவில் வலித்து, வாரக்கணக்கில் தணியாத முழங்காலோடு ஒரு பிள்ளை வந்தால் இரண்டு கோணத்தில் எக்ஸ்ரே எடுங்கள். சந்தேகம் தட்டினால், கத்தியை எடுக்கும் முன் அறுவை செய்யப்போகிறவருக்குப் போன் போடுங்கள். எடுத்துப் பேசுவது எங்கள் கடமை.