புறாவும் நுரையீரலும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மும்பை மாநகரில் வாழும் நமக்குப் புறா புதிதன்று. சன்னலோரத்தில் கூடு கட்டுகிறது. பால்கனியில் குஞ்சு பொரிக்கிறது. அதற்கு ஒரு பிடி தானியம் இடுவதை அறமெனக் கொள்வோர் இங்கு ஏராளம். புறாவையும் சிறு கிளியையும் கூண்டிலிட்டுப் பிள்ளைபோல் வளர்ப்போரும் உளர். தாதரில் புறாக்களுக்குத் தீனியிடும் இடத்தை மாநகராட்சி 2025-ல் மூடியபோது எழுந்த பூசலை நாம் அறிவோம். அவ்வன்பைப் பழிக்க நான் வரவில்லை. அதனால் நுரையீரலுக்கு நேரக்கூடிய தீங்கை எடுத்துரைக்கவே வந்தேன்.

பறவையின் எச்சம் காய்ந்து தூளாகிறது. இறகிலிருந்து மாவுபோன்ற நுண்பொடி உதிர்கிறது. இவற்றிலுள்ள புரதங்கள் மூச்சுடன் சென்று நுரையீரலின் காற்றறைகளை அடைகின்றன. எல்லோருக்கும் இதனால் நோய் வருவதில்லை. சிலருடைய உடல் மட்டும் அப்புரதத்தைப் பகையெனக் கருதிப் போர் தொடுக்கிறது. அப்போரில் புண்படுவது நுரையீரலே. புறா வளர்ப்போரிடம் கண்ட இந்நோயை அமெரிக்க மருத்துவர்கள் 1965-ல் விவரித்து எழுதினர்.

நம் நாட்டில் இஃது அரிதோ எனின், அன்று. 2017-ல் வெளியான ஆய்வொன்றில், இந்தியாவின் 19 நகரங்களில், நுரையீரலின் இடைத்திசு நோயுற்ற 1084 பேர் ஆராயப்பட்டனர். அவருள் 47 விழுக்காட்டினர்க்கு இருந்தது இத்தகைய ஒவ்வாமை அழற்சியே. பறவை மட்டுமன்று, ஏர்கூலரில் படியும் பூஞ்சை போன்றவையும் இதற்குக் காரணமாகும்.

வறட்டிருமல், மாடிப்படி ஏறுகையில் மூச்சிரைப்பு, உடல் மெலிவு ஆகியவையே இதன் அறிகுறிகள். இவற்றை முதுமையென்று ஒதுக்குவோர் உண்டு. காசநோயென்று மயங்குவதும் உண்டு. காலத்தே அறிந்து பறவையை விட்டு விலகினால் நுரையீரல் பெரும்பாலும் தேறும். தழும்பேறி இறுகிய பகுதியோ பழைய நிலைக்குத் திரும்பாது.

ஆகவே, நீங்காத இருமலோடு மருத்துவரிடம் செல்லும்போது, அவர் கேளாவிடினும், “எங்கள் வீட்டில் பறவை உண்டு; சன்னலில் புறா அடைகிறது” என்று சொல்லுங்கள். அவ்வொரு சொல் நோயின் வேரைக் காட்டிவிடும். காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். நீர் தெளித்து நனைத்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு அகற்றுங்கள். நோய் உறுதியானால் பறவையை வேறிடம் சேர்ப்பதோடு வீட்டையும் நன்கு தூய்மை செய்தல் வேண்டும். ஏனெனில் அந்நுண்பொடி பல மாதங்கள் தங்கியிருக்கும்.

பிற உயிர்க்கு இரங்குவது நம் பண்பு. நம் வீட்டாரின் மூச்சைக் காப்பதும் அவ்விரக்கத்தில் அடங்கியதே.