நீர் உறிஞ்சும் குருணை: வாங்குமுன் ஒரு சோதனை
(உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)

"குருணையை மண்ணில் போட்டால் பாசனம் குறையுமாமே, வாங்கலாமா?" என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். வாங்குமுன் உங்கள் கிணற்று நீரைச் சோதித்துப் பாருங்கள் என்பதே என் பதில்.

இக்குருணைக்கு ஹைட்ரோஜெல் என்று பெயர். புதுதில்லி இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய பூசா ஹைட்ரோஜெல், தன் எடையைப்போல் 350 மடங்கு தூய நீரை உறிஞ்சக்கூடியது. ஏக்கருக்கு 1 முதல் 2 கிலோ போதும். வேர் ஓடும் ஆழத்தில் இட்டால், பாசன நீரைப் பிடித்து வைத்து, மண் காயும்போது சிறுகச் சிறுக விட்டுக்கொடுக்கும்.

ஆனால் 350 மடங்கு என்பது தூய நீருக்கு உரிய கணக்கு. குருணைக்குள் நீண்ட இழைகள் வலைபோல் பின்னியுள்ளன. இழை நெடுகிலும் அமிலக் கூறுகள் உண்டு. நீர் புளிப்பாக இருந்தால் ஹைட்ரஜன் அயனிகள் அக்கூறுகளில் ஒட்டிக்கொள்ளும். இழைகள் சுருண்டு வலை சுருங்கும். புளிப்பு குறைந்தால் அவை விலகிவிடும். அப்போது இழைகள் எதிர்மின்னேற்றம் பெற்று ஒன்றையொன்று தள்ளும். வலை விரிந்து நீர் உள்ளே புகும்.

"எங்கள் கிணற்று நீர் காரமானது, அப்படியானால் குருணை நன்றாகப் பருக்குமே" என்று எண்ணிவிடாதீர்கள். கார நீரில் பெரும்பாலும் உப்பும் கலந்திருக்கும். சோடிய உப்பு இழைகள் தள்ளும் விசையைத் தணித்துவிடும். கடின நீரிலுள்ள கால்சியமோ இழைகளைச் சேர்த்துக் கட்டியே விடும். ஆகவே உரக் கரைசலில் குருணையை ஊறவைக்கவும் வேண்டாம்.

வீட்டிலேயே சோதிக்கலாம். மூன்று கண்ணாடித் தம்ளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மழை நீர், அடுத்ததில் கிணற்று நீர், மூன்றாவதில் எலுமிச்சைச் சாறு பிழிந்த மழை நீர் ஊற்றுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை குருணை இட்டு, இரவு முழுவதும் வைத்திருங்கள். மழை நீரில் குருணை நன்கு பருத்திருக்கும். எலுமிச்சை நீரில் அவ்வளவாகப் பருக்காது. கிணற்று நீரில் எவ்வளவு பருத்தது என்பதைப் பாருங்கள். மழை நீரில் கண்டதில் பாதிகூட இல்லையென்றால், முழு நிலத்துக்கும் வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம். முதலில் சில பாத்திகளில் மட்டும் இட்டுப் பாருங்கள்.

மானாவாரி நிலமானால், மண் பரிசோதனை நிலையத்தில் மண்ணின் உப்பு நிலையையும் கார அமில நிலையையும் அறிந்துகொள்ளுங்கள். பையின்மேல் அச்சிட்ட எண்ணைவிட உங்கள் தம்ளரில் கண்டதை நம்பிச் செலவிடுங்கள்.